மின்சாரத்துக்கும் ஒரு பேரேடு: செட்டிநாட்டுக் கடைகளும் கட்டடங்களும்

காரைக்குடி செக்காலை ரோட்டில் கடை வைத்திருப்பவரிடம் நேற்றைய வியாபாரம் எவ்வளவு என்று கேளுங்கள், ரூபாய் சுத்தமாகச் சொல்வார். கடலைப்பருப்பு மூட்டை போன வாரம் என்ன விலைக்கு வந்தது, யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், தீபாவளிக்கு எத்தனை ஆளைக் கூடுதலாகப் போட வேண்டும் என்பதெல்லாம் நுனிநாக்கில் இருக்கும். நேற்று கடையில் எத்தனை யூனிட் ஓடியது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செல்போனுக்கு ஒரு தொகை வரும். போன தடவையை விட அதிகம் என்றால் ஒரு முணுமுணுப்பு, அப்புறம் கட்டிவிடுவார்கள். வாடகை, சம்பளம், சரக்கு என்று எல்லாச் செலவையும் துருவிக் கேட்கிறவர்கள் கரண்ட் பில்லை மட்டும் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள்.

மின்செலவை நம் கைக்குள் கொண்டுவருவது கணக்கு எழுதுவதில்தான் தொடங்குகிறது. செட்டிநாட்டுக்கு அதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன், அன்றாட வரவு செலவை எழுதுவது, பேரேட்டில் பெயர்வாரியாக ஏற்றுவது, கணக்கை முடித்து ஐந்தொகை போடுவது என்று எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றான். பிறகு உதவியாளான அடுத்தாள் ஆனான், கடையை நடத்தும் மேலாள் ஆனான். ரூபாய்க்குச் செய்த அதே வேலையை யூனிட்டுக்கும் செய்தால் போதும்.

முதலில் பில்லைப் படிக்க வேண்டும். 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஓடிய யூனிட்டுக்கான தொகை பில்லில் ஒரு பகுதி. கடை பூட்டிக் கிடந்தாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணம் இன்னொரு பகுதி. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின்கட்டணம் பெரிதாக மாறியது. அதன் பிறகு வணிக இணைப்புகளுக்கு 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டும் ஜூலையில் ஏறியது. கடைகளுக்குப் பெரும்பாலான யூனிட் 10 ரூபாயை ஒட்டித்தான் விழுகிறது என்பதால், இங்கே எல்லாக் கணக்கையும் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தே போடுகிறேன்.

நிலைக் கட்டணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. இணைப்பு வாங்கியபோது எத்தனை கிலோவாட்டுக்கு அனுமதி வாங்கினோமோ, அதாவது சாங்ஷன் லோடு எவ்வளவோ, அந்தக் கணக்கில்தான் இது வருகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் குண்டு பல்பும் பழைய ஏசியும் இருந்த காலத்தில் 15 கிலோவாட் வாங்கியிருப்பார்கள். இன்று எல்.இ.டி., இன்வெர்ட்டர் ஏசி என்று மாறி, உச்சமாக 7 கிலோவாட்டைத் தாண்டாமல் கடை ஓடும். மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி வரும்போது எம்.டி. என்று ஒன்று வரும். அந்தக் காலகட்டத்தில் கடை ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச அளவு அது. ஒரு வருஷம் முழுக்க, முக்கியமாக மே மாதத்திலும் தீபாவளி நேரத்திலும், அந்த எண்ணைக் குறித்து வைத்தால் லோடைக் குறைக்க விண்ணப்பிக்கலாமா என்பது தெரிந்துவிடும். கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், தேவையில்லாத 6 கிலோவாட் வருஷத்துக்கு 7,200 ரூபாய். குறைக்கும்போது கொஞ்சம் இடம் விட்டே குறைக்க வேண்டும். அனுமதித்த அளவைத் தாண்டி இழுத்தால் அதற்குத் தனியாகக் கட்ட நேரும்.

இன்னொன்று, பில்லில் அச்சிட்டிருக்கும் கட்டணப் பிரிவு. கடைகளுக்கு 5-ஆம் பிரிவு. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு 3ஏ1 என்று தனிப் பிரிவு உண்டு, அதன் கட்டணம் கடைக் கட்டணத்தை விடக் குறைவு. தேன்குழலும் மணகோலமும் சீப்புச் சீடையும் செய்து அனுப்பும் ஆச்சிமார் பலர், ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற பட்டறைக்காரர்கள் சிலர், தங்கள் இணைப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்ததே கிடையாது. விற்பனைக் கடையும் தயாரிப்புக் கூடமும் ஒரே மீட்டரில் இருந்தால் இதைப் பேசித் தீர்ப்பது சிரமம். தனியாக இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் போய்க் கேட்பது நல்லது.

சரி, பில்லிலிருந்து மீட்டருக்கு வருவோம். ஷட்டரை இறக்கும்போது ஒரு ரீடிங், காலையில் ஏற்றும்போது ஒரு ரீடிங். ஒரு நோட்டில் தேதியோடு இரண்டு எண். பேரேட்டின் முதல் பக்கம் இதுதான். கடை மூடியிருக்கும்போது ஓடிய யூனிட் எவ்வளவு என்று தெரிந்தால், எங்கே பணம் ஒழுகுகிறது என்பது பாதி புரிந்துவிடும். அந்த நேரத்தில் வாடிக்கையாளரும் இல்லை, வியாபாரமும் இல்லை.

இதைவிட வேகமான வழியும் மீட்டரிலேயே இருக்கிறது. எண்கள் தெரியும் திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன் அருகில் 3200 என்றோ 1600 என்றோ வேறு ஏதோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். அத்தனை தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு பலகாரக் கடையை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தியாயிற்று. 3200 மீட்டர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினால் நிமிடத்துக்கு 40 தடவை மினுக்குகிறது. மணிக்கு 2400 தடவை, அதாவது முக்கால் யூனிட். அணைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கிற கடை 750 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது. காலை எட்டரை வரை 11 மணி நேரத்துக்கு 8 யூனிட்டுக்கு மேல். வருஷத்துக்குச் சுமார் 3000 யூனிட், 30,000 ரூபாய்.

இப்போது ஸ்விட்ச் போர்டில் ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி, மறுபடி எண்ண வேண்டும். பெயர்ப்பலகை விளக்கை இறக்கியதும் 40 என்பது 24 ஆகிறது. பலகை மட்டும் 300 வாட். ராத்திரி முழுக்க ஆளில்லாத தெருவுக்கு வெளிச்சம் போட வருஷத்துக்கு 12,000 ரூபாய். மீதி 450 வாட்டில் ஐஸ்கிரீம் ஃப்ரீசர், குளிர்பானப் பெட்டி, கேமரா, எப்போதும் சூடாகவே நிற்கும் தண்ணீர் டிஸ்பென்சர். ஃப்ரீசர் ராத்திரியும் ஓடித்தான் ஆக வேண்டும், கேமராவும் வேண்டும். தண்ணீர் டிஸ்பென்சர் எதற்கு? குளிர்சாதனப் பெட்டிகள் விட்டுவிட்டு ஓடுபவை என்பதால் ஒரு நிமிஷ எண்ணிக்கை கொஞ்சம் ஏமாற்றும். கால் மணி இடைவெளியில் நாலைந்து தடவை எண்ணினால் உண்மை நிலவரம் வந்துவிடும். கையில் ஒரு செல்போனும் ஒரு மணி நேரப் பொறுமையும் இருந்தால் இந்தப் பரிசோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

பெயர்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது அடுத்தது. ஃபேன், விளக்கு, ஃப்ரீசர், கிரைண்டர், ஏசி, மோட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் வாட் எவ்வளவு, நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிப் பெருக்கினால் ஒரு மொத்தம் வரும். மீட்டர் காட்டும் மொத்தத்தோடு அது முதல் தடவையிலேயே ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயம் இருக்கும். கூடுதலாக ஓடுகிற எதையோ நாம் எழுத மறந்திருப்போம், அல்லது ஒரு சாமான் அதன் முதுகில் எழுதியிருப்பதை விட அதிகம் தின்றுகொண்டிருக்கும். பிளக்கில் சொருகிப் பார்க்கும் சின்ன வாட் மீட்டர் கடையில் கிடைக்கிறது. பழைய ஃப்ரீசர் ஒன்றை அதில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு 6 யூனிட் என்று காட்டினால், வருஷத்துக்கு ஏறக்குறைய 22,000 ரூபாய். அப்போது புது ஃப்ரீசரின் விலையை வேறு கண்ணோடு பார்ப்போம்.

ஆனால் புதிது வாங்குவதற்கு முன்னால் பழையதைப் பாருங்கள். ஃப்ரீசர் கதவு ரப்பருக்கு நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால், பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் ராவும் பகலும் கசிகிறது. பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் சூட்டை வெளியே தள்ளும் இடம். பலகாரக் கடையில் அதன் மேல் மாவுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளம் போட்டிருக்கும். சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருப்பதும், பக்கத்திலேயே அடுப்பு எரிவதும் சேர்ந்துகொண்டால் கம்ப்ரஸர் ஓயவே ஓயாது. ஒரு பிரஷ், அரை அடி நகர்த்தல், புது ரப்பர். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இதைச் செய்யாமல் புதுப்பெட்டி வாங்கி அதே மூலையில் வைத்தால் அதுவும் சீக்கிரமே பழையபடி ஆகிவிடும்.

ஃபேன், விளக்கு விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரம் தின்னும் புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். நாளுக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் ஒரு ஃபேனுக்கு 162 யூனிட், 1,620 ரூபாய் மிச்சம். இரண்டு வருஷத்துக்குள் போட்ட காசு ஏறக்குறைய வந்துவிடும். சோக்கு வைத்த பழைய டியூப்லைட் இன்னும் எங்காவது குடோனில் எரிந்தால் இன்றைக்கே மாற்றலாம். நகைக்கடை, ஜவுளிக்கடைக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளக்கு தின்னும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 3500 வாட் விளக்கு எரிந்தால், அந்தச் சூட்டை வெளியே தள்ளவே ஒரு டன் ஏசி வேலை செய்தாக வேண்டும். தேவைக்கு மேல் வெளிச்சம் போடுகிறவர் அதற்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறார்.

கட்டடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, கெடுத்துக்கொண்டதும் நிறைய. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கடியாபட்டி வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும்படி கதவுகள் ஒரே நேர்கோட்டில். நடுவில் வானம் பார்த்த முற்றமான வளவு. கனத்த சுவர், மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட உயர்ந்த மதராஸ் தளம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, காலுக்குக் குளிர்ச்சியான தரை. பகலில் கனத்த சுவர் சூட்டை மெல்ல மெல்ல உள்வாங்கும். உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ராத்திரியில் வளவு வழியாக வெப்பக்காற்று மேலே ஏறிப் போக, கீழே குளிர்ந்த காற்று வந்து நிரம்பும். சாயங்காலம் முற்றத்தைக் கழுவி விடுகிற பழக்கமும் இதற்குத் துணை, ஈரம் காயும்போது சூட்டையும் கொண்டுபோகும். பகலில் ஜன்னலைச் சாத்தி, ராத்திரி திறந்து வைத்தால்தான் இதெல்லாம் வேலை செய்யும். வீட்டை ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தவரைக்கும் அது குளிர்ந்தது.

இப்போது அந்த வீடுகளில் சில விடுதிகளாகியிருக்கின்றன. வருகிறவர் ஏசி கேட்பார், கொடுத்துத்தான் ஆக வேண்டும். பத்தடி உயரத்துக்குக் கணக்குப் பண்ணிய ஏசியைப் பதினைந்தடி உயர அறையில் மாட்டுகிறார்கள். மேலே வண்ணக்கண்ணாடி வெண்டிலேட்டர் இருக்கும். அந்தக் காலத்தில் வெப்பம் வெளியேறுவதற்காகவே வைத்தது. ஏசி ஓடும்போது அந்தத் திறப்பு வழியாக வெளிச்சூடு உள்ளே வரும், குளிர் வெளியே போகும். அறைக்குள் நின்று பார்த்தால் கண்ணாடிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே வெளிச்சக் கோடு தெரியும். அந்தக் கோடு தெரிகிற இடமெல்லாம் பில்லில் ஏறும். இதற்குப் பலர் செய்வது ஃபால்ஸ் சீலிங். பர்மா தேக்கு வேலைப்பாட்டைப் பார்க்க வந்தவரிடமிருந்து அதை மறைத்துவிடுகிற காரியம் அது. எனக்கு அது துளியும் உடன்பாடில்லை. வெண்டிலேட்டருக்கு உட்புறமாக ஒரு சாதாரணக் கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி ஓடும்போது மூடி, மற்ற நேரம் திறந்து வைத்தால் அழகும் கெடாது, காற்றோட்டமும் போகாது.

கனத்த சுவரில் இன்னொரு சங்கதி உண்டு. மே மாதத்தில் பகல் முழுக்கத் திறந்துபோட்ட அறைக்கு, சாயங்காலம் ஆள் வந்ததும் ஏசியைப் போட்டால், காற்று குளிர்ந்தாலும் சுவர் ராத்திரி வரை சூட்டை வீசிக்கொண்டே இருக்கும். ரிமோட்டில் 18 வைத்தாலும் போதவில்லை என்பார் விருந்தினர். அறையைப் பகலில் சாத்தி வைத்து, பின்னிரவில் திறந்து காற்றாட விட்டிருந்தால் 26-லேயே ஃபேனோடு சேர்த்துச் சுகமாக இருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிற கணக்குப்படி ஏசியில் ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலரும் நம்புகிறார்கள். சாதாரண ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18-ல் வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

புதுக் கட்டடங்கள் நிலைமை வேறு. 100 அடி ரோட்டில் எழும்புகிற வணிக வளாகங்களில் மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி. மூன்று மணிக்கு மேல் அந்தக் கண்ணாடி வழியாக வரும் வெயிலை விரட்டவே ஏசி ஓடும். உள்ளே திரை போடுவதில் பெரிய பலன் கிடையாது. கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் உள்ளே வந்த கணக்குதான். வெளியே நீட்டிய சன்ஷேடு, பழைய முகப்புகளில் இருந்த மாதிரி ஆழமான திண்ணை, ஒரு தட்டி, அதுவும் இல்லையென்றால் ஒரு பந்தல் என்று வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதுதான் நான் பார்த்ததிலேயே மலிவான வைத்தியம். வருஷா வருஷம் கோடைக்கு முன்னால் அடித்தால் மேல்மாடிக் கடைக்காரருக்கு வித்தியாசம் உடம்பிலேயே தெரியும்.

மெஸ்களிலும் பலகாரக் கூடங்களிலும் மின்சாரத்தை விட அடுப்புக்குத்தான் அதிகம் போகும். 19 கிலோ வணிக சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு தடவையும் அதன் மேலேயே சாக்பீஸால் தேதி எழுதி, நோட்டிலும் ஏற்றி, அன்றைக்கு எத்தனை சாப்பாடு அல்லது எத்தனை கிலோ பலகாரம் என்று பக்கத்தில் எழுதினால், ஒரு கிலோ முறுக்குக்கு எவ்வளவு கேஸ் என்பது வந்துவிடும். மஞ்சளாக எரிந்தால் பர்னரைத் துடைக்க வேண்டும். சட்டியின் அடியைத் தாண்டி வெளியே நாக்கு நீட்டுகிற தீ, கூடத்தைச் சூடாக்கத்தான் உதவும்.

கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் கணக்கு தனி. சிறிய ஜெனரேட்டர் ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 யூனிட் கொடுக்கும். அப்படியானால் யூனிட் 30 ரூபாயைத் தொடும், கரண்ட்டைப் போல மூன்று மடங்கு. மின்தடை நேரத்தில் எதெது ஓட வேண்டும் என்று முன்பே தனி வயரிங் பிரித்து வைத்தால் மண்டபம் முழுக்க டீசலில் எரியாது. விடுதிகளில் கீசர், தண்ணீர் மோட்டார் இரண்டும் ஆள் மறதியில் ஓடுபவை. டைமரும், டேங்க் நிரம்பினால் தானே நிற்கும் சென்சாரும் போட்டால் முடிந்தது.

பிளக்கில் சொருகினால் பில் 30, 40 சதவீதம் குறையும் என்று சொல்லி 'பவர் சேவர்' பெட்டிகளை வீதி வீதியாக விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். உள்ளே பெரும்பாலும் ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். சிறுகடை மீட்டர் எண்ணுவது யூனிட்டை. அந்தப் பெட்டி யூனிட்டைக் குறைக்காது. பெரிய மோட்டார்கள் ஓடும் இணைப்புகளில் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம், குறைந்தால் தனித்தொகை வரும், அங்கே கெபாசிட்டர் உண்மையிலேயே வேண்டும். அதைக் கணக்குப் போட்டு மாட்ட வேண்டியவர் எலக்ட்ரீஷியன், வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளர் கிடையாது.

சோலார் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம். ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். ஆனால் பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டும்தான், கடைக்குக் கிடையாது என்பதால் முழு விலையும் நம் கையிலிருந்து போகும். ராத்திரி ஒழுக்கை அடைத்து, ஃப்ரீசரைச் சரிசெய்து, தேவை குறைந்த பிறகு அளவெடுத்தால் 5 கிலோவாட் போட வேண்டிய இடத்தில் 3 போதும் என்று வரலாம். வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள் வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துத் தகடு வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் யார் சொல்லித்தருவது? எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001-இல் வந்தது, எரிசக்தித் திறன் பணியகம் 2002 மார்ச் 1-இல் தொடங்கியது. வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 2007-இல் வந்து, 2017-இல் திருத்தப்பட்டது. அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் லோடு உள்ள கட்டடங்களைக் கருதி எழுதியது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே வராது. ஆகவே எந்த அதிகாரியும் வந்து கேட்கப் போவதில்லை, எந்தத் தணிக்கையாளரும் தானாக வரப்போவதில்லை. சின்னக் கடைக்கு அந்தந்தக் கடைக்காரர்தான் தணிக்கையாளர்.

இன்னும் சரியாகச் சொன்னால், கடையைத் திறந்து மூடுகிற பையன்தான். எந்த ஸ்விட்ச் எப்போது போட வேண்டும் என்பது அவன் கையில்தான் இருக்கிறது. முதலாளி அளந்துவிட்டு, பில் வந்ததும் அவனைத் திட்டுவதில் பயனில்லை. ரீடிங் நோட்டை அவனிடமே கொடுத்து, குறைந்த யூனிட்டில் ஒரு பங்கை மாதாமாதம் அவனுக்குக் கொடுங்கள். 'அண்ணே, நேத்து ராத்திரி ரெண்டு யூனிட் கூட ஓடியிருக்கு, ஃப்ரீசர் கதவு சரியா மூடலை' என்று அவனே வந்து சொல்வான்.

ஊரில் படித்தவர்களுக்கும் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் காரைக்குடியில் இயங்குகிறது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரிகளைப் பற்றி அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. பொறியியல் கல்லூரியும் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே. கடைசி ஆண்டு மாணவர்களுக்குச் செயல்திட்ட வேலையாக ஒரு தெருவின் இருபது கடைகளைக் கொடுத்து, ராத்திரி ரீடிங்கும் சாமான் வாரிப் பேரேடும் போடச் சொன்னால் கடைக்காரருக்கும் மாணவருக்கும் லாபம். இதையே தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் தேர்வு இருக்கிறது. எரிசக்தி மேலாளர் ஆக மூன்று தாள், தணிக்கையாளர் ஆக நான்கு தாள். படிப்போடு வேலை அனுபவமும் கேட்பார்கள். அதற்கான நான்கு பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தேர்வு எழுதாதவர்களும் படிக்கலாம். கடைக்கும் விடுதிக்கும் மின் சாதனங்களைப் பற்றிய மூன்றாவது நூலே பெரும்பாலும் போதும், மெஸ் நடத்துகிறவர்கள் அடுப்பு, வெப்பம் பற்றிய இரண்டாவதையும் சேர்த்துப் புரட்டலாம்.